ஸ்டவுட் தேடுவதும் கலப்பதும்: லண்டனில் புதிதாகத் தொடங்குபவருக்கு

கறுப்புப் பியரான ஸ்டவுட் என்றால் கின்னஸ், கின்னஸ் என்றால் கசப்பு. ஒருமுறை பப்பில் அரைக் குவளை குடித்துப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அதற்கு நேர்மாறாக, ஊரில் லயன் ஸ்டவுட் குடித்துப் பழகியவர்கள் லண்டன் வந்து ஒரு பைன்ட் கின்னஸ் எடுத்ததும், "இதென்ன தண்ணி மாதிரி இருக்கு" என்பார்கள். இரண்டு குறையும் நியாயமானவைதான். ஒன்றில் குறைவது மற்றதில் கூடுதலாக இருக்கிறது. இரண்டு போத்தல்களையும் பக்கத்தில் வைத்து அளந்து கலக்கத் தெரிந்தால், கடையில் விலைக்குக் கிடைக்காத ஒரு ஸ்டவுட் உங்கள் கையில் இருக்கும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு, அன்று கார் ஓட்ட வேண்டியிராத ஒரு மாலைக்கு.

நிறத்தை நம்பாதீர்கள்

கறுப்பு என்பதால் பியர் கனமானதும் அல்ல, வெறி கூடியதும் அல்ல. அந்த நிறம் வறுத்த தானியத்திலிருந்து வருவது. 1817 இல் டேனியல் வீலர் என்பவர் மோல்ட்டை, அதாவது முளைக்க வைத்துக் காயவிட்ட பார்லியை, உருளையில் வைத்துக் கரியாமல் கறுப்பாக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பிறகு ஒரு சிறு பங்கு கறுப்பு மோல்ட்டைச் சேர்த்தாலே முழுப் பியரும் கறுத்துவிடும் என்றாயிற்று. மீதித் தானியமெல்லாம் சாதாரண வெளிர் மோல்ட்தான். பப்பில் ஊற்றும் கின்னஸ் டிராஃப்டின் மதுச்செறிவு 4 வீதத்தைச் சற்றுத்தான் தாண்டும். பக்கத்துக் குழாயில் வரும் லாகர் என்ற பொன்னிறப் பியர் பல நேரம் அதைவிடக் கூட.

ஆகவே போத்தலைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது இரண்டு விஷயங்களை: மதுச்செறிவு எத்தனை வீதம், எந்த வகை ஸ்டவுட். வகைகளை நீளமாகப் பட்டியலிடலாம், தொடங்குபவருக்கு ஐந்து போதும்.

அயர்லாந்தின் உலர் ஸ்டவுட்டில் இனிப்பு மிகக் குறைவு, வறுத்த பார்லியின் கசப்பு முன்னால் நிற்கும், வாயில் கனமில்லாமல் மெல்லியதாக ஓடும். கின்னஸும், கோர்க் நகரத்து மர்ஃபிஸ், பீமிஷ் இரண்டும் இந்த வகை. கசப்புக்குப் பயந்தவர்கள் மர்ஃபிஸில் தொடங்கலாம், மூன்றிலும் மென்மையானது அதுதான். அடுத்தது பால் ஸ்டவுட். பாலிலுள்ள லக்டோஸ் சீனியைச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது என்பதால் அது பியரிலேயே இனிப்பாகத் தங்கிவிடும். பால் ஒவ்வாதவர்கள் கவனிக்க வேண்டிய வகை இது. ஓட்ஸ் ஸ்டவுட் இனிப்பைவிட வழவழப்புக்காகக் குடிப்பது. ஏற்றுமதி ஸ்டவுட்கள் 6 வீதத்துக்கு மேல் தொடங்கி 8, 9 வரை போகும். வெப்ப நாடுகளில் நிலைத்த வகை என்பதால் நம் நாக்குக்கு மிகவும் பழக்கமானதும் இதுதான். கடைசியாக இம்பீரியல் ஸ்டவுட். லண்டனிலிருந்து ரஷ்ய அரசவைக்குக் கப்பலேறிய வழியில் வந்தது, பெரும்பாலும் 8 வீதத்துக்கு மேல், மெதுவாகக் குடிக்க வேண்டியது.

எந்தக் கடையில் எது

இந்த ஒரு விஷயத்தில் லண்டன் தமிழருக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. உலகத்தின் நல்ல ஏற்றுமதி ஸ்டவுட்கள் பல, பியர் நிபுணர்களின் கடைகளைவிட நம் பக்கத்துப் பலசரக்குக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன.

ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹாரோ பக்கத்துத் தமிழ்க்கடைகளில் மது உரிமம் உள்ளவற்றில் லயன் ஸ்டவுட் பெரும்பாலும் இருக்கும். 8.8 வீதம். 1849 இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் தொடங்கிய காய்ச்சகத்தின் தொடர்ச்சி அது, இப்போது பியகமவில் காய்ச்சுகிறார்கள். சொக்லேட், காய்ந்த பேரீச்சை, அடியில் கித்துள் பாணி போன்ற ஒரு கனம். மறைந்த ஆங்கிலேயப் பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் (பாடகர் அல்ல) இதைப் பாராட்டி எழுதியபிறகுதான் மேற்கு நாட்டவர் இதைத் தேடத் தொடங்கினார்கள். நாம் அதற்கு முன்பே குடித்துக்கொண்டிருந்தோம், அது வேறு கதை.

பிரிக்ஸ்டன், பெக்கம் பக்கத்துக் கரீபியக் கடைகளில் ஜமேக்காவின் டிராகன் ஸ்டவுட்டைக் கேளுங்கள். 7.5 வீதம், லயனைவிட இனிப்பு. ஆபிரிக்கக் கடைகளில் நைஜீரியாவில் காய்ச்சிய கின்னஸ் ஃபொரின் எக்ஸ்ட்ரா கிடைக்கும். இதுவும் 7.5. டப்ளினிலிருந்து வரும் ஃபொரின் எக்ஸ்ட்ராவுக்கும் அதே செறிவு, ஆனால் ருசி வேறு. நைஜீரியாவில் சோளத்துக்கு உறவான சோர்கம் தானியத்தில் வெளிர் பியர் காய்ச்சி, டப்ளினிலிருந்து வரும் செறிவூட்டிய கறுப்புச் சாறை அதனுடன் சேர்க்கிறார்கள். அதாவது அந்தப் போத்தலுக்குள் இருப்பதே ஒரு கலவைதான். முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில் வாங்கிப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். லேபிளில் எந்த நாட்டில் காய்ச்சியது என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

சுப்பர்மார்க்கெட்டில் இரண்டு வகைக் கின்னஸ் இருக்கும். உள்ளே சிறு பந்து உருளும் ரின் ஒன்று, சாதாரணப் போத்தல் ஒன்று. கலப்பதற்குப் போத்தலை எடுங்கள். காரணம் பின்னால். ஃபுல்லர்ஸ் லண்டன் போர்ட்டர் (5.4 வீதம்) பல இடங்களில் உண்டு. போர்ட்டர் என்பது ஸ்டவுட்டுக்கு முன்னோடியான கறுப்புப் பியர், பெயரில் ஸ்டவுட் இல்லாவிட்டாலும் கலவைக்கு அருமையான அடித்தளம். யங்ஸ் டபுள் சொக்லேட் (5.2) இனிப்புப் பிரியர்களுக்கு. யோர்க்ஷயரின் டாட்காஸ்டரில் காய்ச்சும் சாமுவேல் ஸ்மித் ஓட்ஸ் ஸ்டவுட் (5 வீதம்), இம்பீரியல் ஸ்டவுட் (7 வீதம்) இரண்டையும் அவர்களுடைய பப்களிலேயே குடிக்கலாம். அந்தப் பப்களில் வேறு கம்பனிப் பியர் எதுவும் கிடைக்காது. சிறப்புக் கடைக்குப் போகும் நாளில் பெர்மொன்சியின் கெர்னல் காய்ச்சகத்து எக்ஸ்போர்ட் ஸ்டவுட்டையும், லூயிஸ் நகரத்து ஹார்விஸ் இம்பீரியலையும் (9 வீதம்) கேளுங்கள். பின்னதில் தோல், புளிப்பு, பழைய மரம் எல்லாம் கலந்து வரும். முதல் மாதத்தில் அதை வாங்காதீர்கள். பயந்துவிடுவீர்கள்.

சைவக்காரருக்கு ஒரு சொல். பியரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துவது பழைய ஆங்கில வழக்கம். கின்னஸ் அதைக் கைவிட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. பீப்பாயிலிருந்து கையால் இழுத்து ஊற்றும் பியர்களில் அது இன்னும் இருக்கக்கூடும், பப்பில் கேட்டுப் பாருங்கள். சிப்பி ஸ்டவுட் என்று பெயரிட்ட சிலவற்றில் உண்மையாகவே கடற்சிப்பி போடுகிறார்கள்.

முதல் மாலை: கலக்க வேண்டாம்

நான்கு போத்தல்கள் போதும்: போத்தல் கின்னஸ், லயன் அல்லது டிராகன், ஒரு ஓட்ஸ் ஸ்டவுட், ஒரு பால் ஸ்டவுட் அல்லது சொக்லேட் ஸ்டவுட். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்வது நல்லது. தனியாக நான்கையும் முடிக்கப் போனால் நான்காவதன் ருசி ஒருவருக்கும் நினைவிருக்காது.

பிரிஜ்ஜிலிருந்து எடுத்து அரை மணித்தியாலம் மேசையில் வையுங்கள். ஸ்டவுட் உறைகுளிரில் வாய் திறக்காது. 10 முதல் 12 பாகை செல்சியஸ் அளவில்தான் இனிப்பும் பழவாசமும் எழும்பும், இம்பீரியலுக்கு இன்னும் ஒரு பாகை இரண்டு பாகை கூடினாலும் பாதகமில்லை. ஒவ்வொன்றிலும் 50 மில்லிலீற்றர் மட்டும் ஊற்றுங்கள். மதுச்செறிவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். இடையில் வெறும் பாணும் தண்ணீரும். மிக்ஸரும் டெவிலும் இப்போது வேண்டாம். உறைப்பு நாக்கில் இருந்தால் கசப்பும் மதுவின் எரிவும் இரட்டிப்பாகத் தெரியும், பியர் மேல் பழி விழும்.

ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வறுவல் கசப்பு எவ்வளவு? இனிப்பு எவ்வளவு? புளிப்பு இருக்கிறதா? வாயில் கனமாக நிற்கிறதா, வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா? விழுங்கியபின் தொண்டையில் மதுவின் சூடு தெரிகிறதா? "நல்லா இருக்கு" என்று எழுதி வைப்பதால் பிரயோசனம் இல்லை. "கசப்பு 4, இனிப்பு 1, மெல்லியது" என்று எழுதினால், அதற்கு எதைச் சேர்க்க வேண்டும் என்று அந்த வரியே காட்டிவிடும்.

கலக்கும் முறை

பியரைக் கலப்பது பியரைக் கெடுப்பது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் ஒருமுறை சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டரைப் பெரிய மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் பழுக்க வைத்து, அந்தப் பழைய புளித்த பியரைப் புதியதுடன் கலந்துதான் விற்றார்கள். தொட்டி எவ்வளவு பெரியது என்றால், 1814 ஒக்டோபர் 17 அன்று மியூக்ஸ் காய்ச்சகத்தின் ஒரு தொட்டி வெடித்துத் தெருவில் பாய்ந்ததில் எட்டுப் பேர் இறந்தார்கள். டொட்டன்ஹாம் கோர்ட் றோட்டில் டொமினியன் தியேட்டர் நிற்கும் இடம் அது. பெல்ஜியத்தின் ரோடன்பாக் காய்ச்சகம் இன்றும் மரத்தொட்டியில் பழுத்ததையும் இளம் பியரையும் அளந்து கலந்துதான் போத்தலில் அடைக்கிறது.

வீட்டில் தேவைப்படுவது ஒரு அளவுக் கிண்ணம். மருந்துக் கடையில் பாணிமருந்தோடு தரும் சிறிய பிளாஸ்டிக் கிண்ணம் போதும்.

முதல் விதி: ஒரு நேரத்தில் இரண்டே இரண்டு பியர். மூன்றாவது வந்தால் எது எதைச் செய்தது என்று தெரியாது. இரண்டாவது: எது அடித்தளம், எது திருத்துவது என்று முதலே தீர்மானியுங்கள். பிடித்த, ஆனால் ஏதோ குறைகிற பியர்தான் அடித்தளம். மூன்று சிறு குவளைகளை வரிசையாக வைத்து, முதலாவதில் 45 மில்லிலீற்றர் அடித்தளமும் 15 திருத்துவதும், நடுவில் 30க்கு 30, மூன்றாவதில் 15க்கு 45 என்று ஊற்றுங்கள். குவளையைச் சுற்றி அசைத்து, ஒரு நிமிடம் விட்டுச் சுவையுங்கள். பெரும்பாலும் நடுவிலுள்ளதுதான் மிக மோசமாக இருக்கும். இரண்டும் சமமாக நின்று சண்டை பிடிக்கும். முதலாவது குவளை பிடித்தால் அதற்கும் தனி அடித்தளத்துக்கும் நடுவில் இன்னொரு அளவை முயலுங்கள், உதாரணமாக 50க்கு 10. அந்தச் சிறு அசைவில்தான் நல்ல கலவைகள் அகப்படுகின்றன.

அளவு பிடிபட்ட பிறகே பெரிய குவளை. வாயு கூடிய பியரை முதலில் சரித்து ஊற்றி, நுரை அடங்க விட்டு, மற்றதை மெதுவாகச் சேருங்கள். கரண்டியால் கலக்கக் கூடாது. இருக்கும் வாயுவெல்லாம் போய்விடும்.

ரின்னுக்குள் பந்து உருளும் கின்னஸ் ஏன் வேண்டாம் என்றேன்? அதில் நைதரசன் வாயு சேர்த்திருக்கிறார்கள். அது பியரில் எளிதில் கரையாது, மிக நுண்ணிய குமிழாக எழுந்து அந்த வெண்ணெய் போன்ற நுரையைத் தரும். காபனீரொட்சைட்டு தரும் மெல்லிய புளிப்புக் கடி அதில் குறைவு, அதனால் ருசியும் சற்றுத் தூங்கியே இருக்கும். தனியாகக் குடிக்க இதமானது. கலவையில் சேர்த்தால் மற்றப் பியரையும் தூங்க வைத்துவிடும். போத்தல் கின்னஸில் அந்தக் கடி இருக்கிறது.

மதுச்செறிவைக் கணக்கிட மறக்காதீர்கள். 150 மில்லிலீற்றர் 4.2 வீதப் பியரும் 50 மில்லிலீற்றர் 8.8 வீதப் பியரும் சேர்ந்தால் 200 மில்லிலீற்றரில் 5.35 வீதம். மதுவை அளக்கும் பிரித்தானிய யூனிற் கணக்கு இன்னும் எளிது: மில்லிலீற்றரை வீதத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 330 மில்லிலீற்றர் லயன் ஒன்றில் 2.9 யூனிற். வாரத்துக்கு 14க்கு மேல் வேண்டாம் என்பது இங்குள்ள மருத்துவ அறிவுரை, ஐந்து லயன் போத்தல் அதைத் தாண்டிவிடும்.

தொடங்குவதற்குச் சில கலவைகள்

மூன்று பங்கு போத்தல் கின்னஸ், ஒரு பங்கு லயன். எனக்குக் கேட்டால் எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கின்னஸின் வறுவல் அப்படியே நிற்க, நடுவில் இருந்த வெறுமையை லயனின் சொக்லேட் நிரப்பும். செறிவும் 5ஐ ஒட்டியே இருப்பதால் ஒரு முழுக் குவளை குடிக்கலாம். லயனுக்குப் பதில் டிராகன் என்றால் ஐந்துக்கு ஒன்று போதும், அதன் இனிப்பு முந்திக்கொள்ளும்.

லயனே உங்கள் அடித்தளம், ஆனால் இரண்டாவது குவளையில் திகட்டுகிறது என்றால், இரண்டு பங்கு லயனுக்கு ஒரு பங்கு லண்டன் போர்ட்டர். இனிப்பு குறையாது, ஆனால் கோப்பி வாசம் எழும்பி அதை மறைக்கும்.

இம்பீரியலின் சூடு தொண்டையில் குத்தினால் மூன்றுக்கு ஒன்று ஓட்ஸ் ஸ்டவுட். சாமுவேல் ஸ்மித்தின் இரண்டையும் ஒன்றோடொன்று கலப்பது பாதுகாப்பான வழி. ஒரே காய்ச்சகத்துப் பியர்களிடையே ஈஸ்டின் வாசம் ஒத்துப்போகும்.

பழைய லண்டன் போர்ட்டரின் ருசி எப்படி இருந்திருக்கும் என்று அறிய ஆசையா? ஒன்பது பங்கு டப்ளின் ஃபொரின் எக்ஸ்ட்ராவில் ஒரு பங்கு ரோடன்பாக். புளிப்பு தனியாகத் தெரியக் கூடாது. ஸ்டவுட் திடீரென்று கூர்மையாகி, இன்னொரு வாய் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆறுக்கு ஒன்று என்று கூட்டினால் கெட்டுப்போன பியர் போலிருக்கும்.

இனிப்பே வேண்டும் என்பவர்களுக்கு நான்கு பங்கு டபுள் சொக்லேட்டில் ஒரு பங்கு லிண்டமன்ஸ் கிரீக். இது செர்ரிப் பழத்தில் ஊறிய பெல்ஜியப் பியர். பிறந்தநாள் கேக்கைக் குடிப்பதாக நண்பர்கள் கேலி செய்வார்கள், குவளை என்னவோ காலியாகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்து வடித்த கோப்பியில் 15 மில்லிலீற்றரை ஒரு போத்தல் பால் ஸ்டவுட்டில் விட்டாலும் நன்று. அதற்கு மேல் விட்டால் அது கோப்பி.

ஸ்டவுட்டும் ஷாம்பெய்னும் பாதிக்குப் பாதி சேர்ந்தது பிளாக் வெல்வெட். 1861 இல் விக்டோரியா மகாராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் இறந்த துக்கத்தில் லண்டன் புரூக்ஸ் கிளப்பில், ஷாம்பெய்னுக்கும் துக்கம் கொண்டாடக் கறுப்பு உடுத்திவிட்டார்கள் என்று சொல்வார்கள். ஷாம்பெய்ன் கட்டுப்படியாகாதவர்கள் உலர்ந்த ஆப்பிள் சைடரில் செய்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குச் சைடர்தான் பிடிக்கும்.

அடுக்கி ஊற்றுவது

கீழே பொன்னிறம், மேலே கறுப்பு என்று இரண்டு அடுக்காக நிற்கும் குவளையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இங்குதான் பந்து உருளும் ரின் கின்னஸுக்கு வேலை. குவளையின் பாதிக்கு லாகரை அல்லது ஏல் வகை வெளிர் பியரை நுரை வர ஊற்றுங்கள். ஒரு கரண்டியைக் கவிழ்த்து அதன் முதுகில் கின்னஸை நூலாக விடுங்கள். மிதக்கும். காரணம், அதில் எஞ்சியிருக்கும் சீனி லாகரில் இருப்பதைவிடக் குறைவு, ஆகவே அதுதான் இலேசானது. இதே வேலையை லயனில் செய்ய முயன்றால் நேரே அடிக்குப் போய் எல்லாம் மண்ணிறமாகிவிடும். ஸ்டவுட் எல்லாம் மிதக்கும் என்று சொல்பவரிடம் லயனைக் கொடுத்துப் பாருங்கள்.

இந்த அடுக்குக்கு அமெரிக்காவில் வழங்கும் "பிளாக் அன்ட் டான்" என்ற பெயரை அயர்லாந்துக்காரர் முன்னால் சொல்லாதீர்கள். 1920, 21 இல் அங்கே அட்டூழியம் செய்த பிரித்தானியப் பொலிஸ் படையினரின் பெயர் அது. பாதிக்குப் பாதி என்று கேட்டால் போதும்.

விட்டுவிட வேண்டியவை

பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூவின் வாசம் தூக்கலான ஐபிஏ வகைப் பியரை ஸ்டவுட்டில் கலக்காதீர்கள். தோடம்பழத் தோலும் சாம்பலும் சேர்ந்த மாதிரி வரும். கோதுமைப் பியரின் வாழைப்பழ வாசமும் வறுவலோடு ஒட்டாது. விஸ்கிப் பீப்பாயில் பழுத்த விலையுயர்ந்த ஸ்டவுட்டைக் கலவைக்கு எடுப்பது வீண், கலக்க வேண்டியதை அவர்கள் கலந்து முடித்துவிட்டார்கள்.

கலந்ததை மறுபடி போத்தலில் அடைத்து வைக்கவே வேண்டாம். காற்றுப் பட்ட பியர் மறுநாளே நனைந்த காகிதம் போல மணக்கும். உயிருள்ள ஈஸ்ட் ஒரு பியரிலும் மிச்சச் சீனி மற்றதிலும் இருந்தால் மூடிய போத்தலுக்குள் மறுபடி நொதித்து வெடிக்கவும் கூடும். ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ் ஸ்டவுட் போல அடியில் வண்டல் தெரிகிற போத்தல்களில் ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கிறது.

பிள்ளை பெற்ற தாய்மாருக்கு ஸ்டவுட் கொடுத்தால் இரத்தம் ஊறும் என்ற பேச்சு இங்கேயும் இருந்தது, நம் வீடுகளிலும் கேட்டிருப்பீர்கள். ஒரு பைன்ட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்துக்கூட இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் இதை மருந்து என்று யாரும் நீட்ட வேண்டாம்.

திறந்த போத்தலில் மிஞ்சிய லயனைக் கொட்டாதீர்கள். மறுநாள் ஆட்டிறைச்சிக் கறிக்கு வெங்காயம் சிவந்ததும் ஒரு கிலோவுக்கு அரைக் கோப்பை விட்டு, மது வாசம் போகும்வரை வற்ற விட்டு, அதன்பிறகு இறைச்சியைப் போடுங்கள். கின்னஸ் இதற்குச் சரிவராது, வற்ற வற்றக் கசக்கும்.